குடவோலை முதல் கைதட்டல் வரை: தேர்வு முறையும் தலைமையும்

ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டு நிறைவு காணும்போது அதன் பணிகளைத் தொகுத்துரைப்பது விழா மலர்களின் மரபாகும். இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள் அதனின்றும் சற்று வேறானது. ஒன்றுகூடிச் செயற்படும் மக்கள் தம்முள் ஒருவரைத் தலைவராக்கும்போது எம்முறையைக் கையாள்கின்றனர், அம்முறை எத்தகையோரைத் தலைமைக்குக் கொணர்கிறது என்பதே அது. ‘யார் தலைவர்?’ என்னும் வினாவை எல்லாரும் எழுப்புகிறோம். ‘எவ்வாறு தேர்ந்தோம்?’ என்னும் வினா அரிதாகவே எழுகிறது. வரலாற்றை நோக்குமிடத்து, முதல் வினாவிற்குரிய விடையில் ஒரு பாதி இரண்டாம் வினாவிலேயே முடிந்துவிடுவதைக் காண்கிறோம். தேர்ந்தெடுப்போர் வாய் திறப்பதற்கு முன்னரே தேர்வு முறை தன் பங்கைத் தேர்ந்துவிடுகிறது.

அகப்பாட்டில் ஓர் உவமை

கவிஞர்கள் கூடும் அவையில் இப்பொருளைப் பேசுதற்குச் சங்கப் பாட்டொன்றே வாயிலாக அமைகிறது. அகநானூற்றின் 77ஆம் பாட்டைப் பாடியவர் மருதன் இளநாகனார். பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன் தன் நெஞ்சிற்குக் கூறுவதாக அமைந்த பாலைப் பாட்டு அது. ஆறலை கள்வரும் வெம்மையும் நிறைந்த சுரத்தில் இறந்துபட்டோரின் குடரைக் கழுகு பறித்தெடுக்கும் காட்சியைக் காட்டும் புலவர், கயிற்றால் பிணித்த குடத்தின் இலச்சினையை நீக்கி உள்ளிருக்கும் ஓலைகளை எடுக்கும் ஆவண மாக்களை அதற்கு உவமையாக்குகிறார். இவ்வுவமை குடவோலைத் தேர்தலையே குறிக்கும் என்பது பலரும் கொண்ட கருத்து. குடத்தில் இட்டுக் காக்கப்பெற்ற பொது ஆவணங்களை எடுத்தலைக் குறிக்கும் எனக் கொள்ளவும் இடமுண்டு. எவ்வாறு கொள்ளினும், முத்திரையிட்ட குடத்தினின்றும் பலர் அறிய ஓலை எடுத்தல் என்பது கேட்போர்க்கு நன்கு பழகிய காட்சியாக இருந்தமை தெளிவு. பழகாத ஒன்றைப் புலவர் உவமையாக்குவதில்லை அன்றோ?

உத்திரமேரூர் காட்டும் நெறி

பாட்டில் ஐயத்திற்கு இடமாக நின்றது, கல்லில் ஐயமின்றி நிற்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. வி. வெங்கையா இவற்றை அறிஞருலகிற்கு எடுத்துக்காட்டினார், பின்னர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். உத்திரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை இவை கூறுகின்றன.

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு ஒவ்வொன்றிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதினர். அவ்வோலைகளைக் குடும்பு வாரியாகக் கட்டி, இன்ன குடும்பு என்பதைக் காட்டும் வாயோலை பூட்டிக் குடத்தில் இட்டனர். இளையோரும் முதியோருமாகச் சபை முழுதும் கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் எழுந்து நின்று, எல்லாரும் காணக் குடத்தை உயர்த்திப் பிடித்தார். உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுத்தான். அக்கட்டிலிருந்த ஓலைகளை வேறொரு வெறுங்குடத்தில் இட்டுக் குலுக்கினர். அச்சிறுவன் அதனின்றும் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் தந்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதனை வாங்கி வாசித்தான். பின்னர் நம்பிமாரும் அதனை வாசித்தனர். வாசித்த பெயரே கொள்ளப்பட்டது. முப்பது குடும்பிற்கும் இவ்வாறே ஒருவர் வீதம் முப்பதின்மர் தேர்ந்தனர்.

இந்நிகழ்ச்சியின் ஒவ்வோர் அசைவும் ஓர் அச்சத்தை முன்னிட்டு அமைந்ததாகும். எழுத்தறிந்தவன் எடுத்தால் தனக்கு வேண்டிய ஓலையை எடுப்பான் என்னும் அச்சத்தால் சிறுவன் வருகிறான். வாங்குபவன் ஓலையை மாற்றிவிடுவான் என்னும் அச்சத்தால் விரல்கள் விரிகின்றன. வாசிப்பவன் பெயரை மாற்றிச் சொல்வான் என்னும் அச்சத்தால் நம்பிமாரும் வாசிக்கின்றனர். மனிதரின் நேர்மையை இச்சபை நம்பியிருக்கவில்லை. நேர்மை தவற இடமில்லாத நடைமுறையை நம்பியது.

இதனினும் கருதத்தக்கது யாருடைய பெயர் குடத்துள் புகலாம் என்னும் விதி. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராகவும், தம் மனையில் வீடு கட்டி வாழ்பவராகவும், வேதம் கற்றவராகவும் இருத்தல் வேண்டும். ஒரு வேதத்திலும் ஒரு பாடியத்திலும் வல்லவராயின் அரைக்கால் வேலி நிலமே போதுமானது. முதற் சாசனம் 30க்கும் 60க்கும் இடைப்பட்ட வயதைக் கேட்டது; இரண்டாண்டு கழித்து எழுந்த இரண்டாம் சாசனம் அதனை 35க்கும் 70க்கும் இடைப்பட்டதாக மாற்றியது. முந்திய மூன்றாண்டுகளுள் வாரியம் செய்தவர் பெயர் குடத்திற்கு வரக்கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் எக்காலத்தும் வரக்கூடாது. அவருடைய உறவினரும் வரக்கூடாது. சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மருமகன், உடன்பிறந்தாளை மணந்தவன், அவள் மகன், தந்தை, மகன் என அவ்வுறவுப் பட்டியல் நீள்கிறது. பதவியைத் தான் விட்டுத் தன் மைத்துனனுக்குத் தரும் வழக்கம் பத்தாம் நூற்றாண்டிலும் இருந்தது என்பதற்கு இப்பட்டியலைவிட வேறு சான்று வேண்டா.

தேர்ந்த முப்பதின்மருள் முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவரும், கல்வியாலும் வயதாலும் மூத்தவருமான பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்குச் சென்றனர். பன்னிருவர் தோட்ட வாரியம் ஆயினர். எஞ்சிய அறுவர் ஏரி வாரியம் ஆயினர். 360 நாள் முடிந்ததும் எல்லாரும் விலகினர். இடையில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கப்பெற்றனர்.

இம்முறையை மக்களாட்சி எனப் போற்றுவோர் ஒன்றை மறத்தலாகாது. இது பிரமதேயத்து அந்தணர் சபையின் முறை. நிலமற்றோர், பிற வகுப்பினர், மகளிர் ஆகியோரின் பெயர் எழுதிய ஓலை எதுவும் அக்குடத்துள் புகுந்ததில்லை. குடத்திற்குள் நிகழ்ந்த சமன்மை, குடத்தின் வாயிலேயே நின்றுவிட்டது. தேர்வு முறையை ஆராய்வோர் ஓலை எடுக்கும் கையை மட்டுமன்றி ஓலை எழுதும் கையையும் நோக்குதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும் முதற் பாடம்.

சீட்டு தரும் தலைமை

குலுக்கல் என்றதும் அதனைக் குருட்டு முறை என இகழ்தல் இயல்பு. பண்டை ஏதென்ஸ் நகரத்தார் அவ்வாறு கருதவில்லை. அவர்தம் ஐந்நூற்றுவர் அவையைச் சீட்டின் வழியே ஆண்டுதோறும் அமைத்தனர். ஒருவர் தம் வாழ்நாளில் இருமுறைக்கு மேல் அதில் அமர இயலாது. படைத் தலைவர் பதின்மரை மட்டும் கை உயர்த்தித் தேர்ந்தெடுத்தனர். அவர்களை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கத் தடையில்லை. எவராலும் இயலும் பணிக்குச் சீட்டு, தனித்திறன் வேண்டும் பணிக்கு வாக்கு என்பது அவர்தம் பகுப்பு. சீட்டு மக்களாட்சிக்கும் வாக்குச் சிலராட்சிக்கும் உரியது என அரிஸ்டாட்டில் கருதியதற்கும் காரணம் இதுவே. வாக்கு, பெயர் பெற்றவரை நாடிச் செல்லும். சீட்டிற்குப் பெயரும் புகழும் தெரியாது.

வெனிஸ் நகரத்தார் இவ்விரண்டையும் கலந்தனர். 1268 முதல் 1797இல் அக்குடியரசு வீழும்வரை அவர்தம் தலைவரைத் தேர்ந்த முறை வியப்பூட்டுவது. பேரவையினின்றும் சீட்டால் 30 பேர், அவருள் சீட்டால் 9 பேர், அவ்வொன்பதின்மர் வாக்கால் 40 பேர், அவருள் சீட்டால் 12 பேர் எனச் சுருங்கியும் விரிந்தும் சென்று, இறுதியில் 41 பேர் கூடித் தலைவரைத் தேர்ந்தனர். அவருள் 25 பேரேனும் உடன்படல் வேண்டும். அங்கும் குலுக்கற் குண்டுகளை எடுத்தவன் ஒரு சிறுவனே. உத்திரமேரூருக்கும் வெனிசுக்கும் தொடர்பேதும் இல்லை. ஆயினும் ஒரே அச்சம் இரண்டு ஊர்களிலும் ஒரே சிறுவனை அழைத்து வந்தது. எந்தக் குடும்பம் எத்தனை பேரை விலைக்கு வாங்கினும், இறுதியில் யார் தேர்வர் என்பதை முன்னறிய இயலாதபடி செய்ததே வெனிஸ் முறையின் பயன்.

இருபத்தொரு பேர், மூன்று தலைவர்

சீட்டு வேண்டா, வாக்கே போதும் என்போர்க்கும் ஒரு சிக்கல் உண்டு. வாக்கு என்பது ஒரு முறையன்று. பல முறைகளின் பொதுப் பெயர். இதனைக் கணக்கிட்டுக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் போர்டா. அவர் 1770இல் பாரிசில் அறிவியல் கழகத்தின் முன் வைத்த எடுத்துக்காட்டை நம் எழுத்துகளால் விளக்குவோம்.

உறுப்பினர் 21 பேர். போட்டியிடுவோர் அ, ஆ, இ என மூவர். எண்மர் அ என்பவரை முதலிடத்தில் வைக்கின்றனர். எழுவர் ஆ என்பவரையும், அறுவர் இ என்பவரையும் முதலிடத்தில் வைக்கின்றனர். கூடுதல் வாக்குப் பெற்றவர் வென்றார் என்னும் நம் வழக்கப்படி அ தலைவராகிறார். ஆனால் அவருக்கு வாக்களியாத 13 பேரும் அவரைக் கடைசி இடத்தில் வைத்திருப்பவர்கள். மூவருள் இவர் மட்டும் வேண்டா எனப் பெரும்பாலோர் கருதிய ஒருவரே தலைவராகிறார்!

முதலிருவரை மட்டும் நிறுத்தி மீண்டும் வாக்கெடுப்பின், இ விலக, அவருடைய அறுவரும் தமக்கு இரண்டாமவரான ஆ பக்கம் சேர, ஆ 13 வாக்குடன் வெல்கிறார். இனிப் போர்டா கூறிய முறையைக் காண்போம். முதலிடத்திற்கு 3, இரண்டாமிடத்திற்கு 2, மூன்றாமிடத்திற்கு 1 என மதிப்பெண் தருதல் வேண்டும். அ என்பாரின் எண்மருள் எழுவரும், ஆ என்பாரின் எழுவரும் இ என்பவரையே இரண்டாமிடத்தில் வைத்துள்ளனர். எனவே அ 37, ஆ 42, இ 47 எனப் பெற, இ வெல்கிறார்.

உறுப்பினர் அவரே, அவர்தம் உள்ளக்கிடக்கையும் அதுவே. முறை மாற மாற மூன்று தலைவர் தோன்றினர். முதல் முறை கட்டுக்கோப்பான ஓர் அணியின் தலைவரைத் தந்தது. இரண்டாம் முறை வேண்டாதவரை விலக்கிற்று. மூன்றாம் முறை யார்க்கும் பெரும்பகையாகாத ஒருவரைக் கொணர்ந்தது. பின்னாளில் அக்கழகமே இம்முறையால் தன் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது. ஆயினும் போட்டியாளரை வேண்டுமென்றே கடைசியில் வைத்துத் தம்மவரை உயர்த்தும் சூழ்ச்சிக்கு இதில் இடமுண்டு. தம் முறை நேர்மையாளர்க்கே உரியது எனப் போர்டா கூறியதாகச் சொல்வர். 1951இல் கென்னத் ஆரோ என்னும் பொருளியலறிஞர், மூவரோ அதற்கு மேற்பட்டோரோ போட்டியிடுமிடத்து, நியாயமான எல்லா எதிர்பார்ப்புகளையும் ஒருங்கே நிறைவு செய்யும் தரவரிசை முறை எதுவும் இருக்கவியலாது என்பதை நிறுவினார். குறையற்ற முறை இல்லையெனின், எக்குறையை ஏற்பது என்பதே ஒரு சங்கம் தீர்மானிக்க வேண்டுவது.

ஓர் இலக்கியக் கழகத்தின் கொடை

இவ்வினாவிற்கு நம்மைப் போன்ற ஓர் இலக்கியக் கழகம் தந்த விடை உலகெங்கும் பரவியுள்ளது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தாமஸ் ரைட் ஹில் என்னும் பள்ளியாசிரியர் இருந்தார். தமக்கு மிகவும் பிடித்த மாணவன் பக்கத்தில் சென்று நிற்குமாறு அவர் தம் மாணவர்களிடம் கூறுவாராம். ஒருவன் பக்கம் தேவைக்கு மேல் கூட்டம் சேர்ந்தால், மிகுந்தவர் அடுத்துப் பிடித்தவனிடம் செல்வர்; ஒருவன் பக்கம் சிலரே நின்றால் அவரும் வேறிடம் செல்வர். இறுதியில் ஏறத்தாழ எல்லாரும் தாம் ஏற்ற ஒருவனருகில் நிற்பர். பர்மிங்காம் இலக்கிய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் செயற்குழுத் தேர்தலுக்கு 1821ஆம் ஆண்டளவில் இக்கருத்தையே அவர் விதியாக்கினார். குறித்த அளவு வாக்குப் பெற்றவர் தேர்ந்தவராவார். மிகுந்த வாக்கு வீணாகாமல் வேறொருவர்க்குச் செல்லும். சிறு குழுவினரும் ஒன்றுபட்டால் செயற்குழுவில் ஓரிடம் பெறலாம்.

அவருடைய மகனே அஞ்சல்துறைச் சீர்திருத்தத்தால் புகழ்பெற்ற ரோலண்டு ஹில். 1840இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரவைத் தேர்தலில் இவ்வகை முறை கையாளப்பட்டது. பின்னர்ப் பலரால் செப்பமுற்ற இக்கருத்து, ஒற்றை மாற்று வாக்கு என்னும் பெயரில் நம் அரசமைப்பிலும் இடம்பெற்றது. மாநிலங்களவை உறுப்பினரைச் சட்டமன்றங்கள் தேர்வதும், குடியரசுத் தலைவரைத் தேர்வதும் இம்முறையாலேயே. 1969ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் முதல் விருப்ப வாக்கு மதிப்பாக வி. வி. கிரி 4,01,515 பெற்றார். நீலம் சஞ்சீவ ரெட்டி 3,13,548 பெற்றார். வெற்றிக்கு வேண்டிய 4,18,169 இருவருக்கும் இல்லை. பிறருடைய வாக்குகளின் அடுத்த விருப்பங்களை எண்ணியபின் கிரி 4,20,077 பெற்று வென்றார். ஒருவர் தம் முதல் விருப்பம் தோற்றபின்னும் தம் குரல் அடங்குவதில்லை என்பதே இதன் உட்பொருள்.

ஏகமனதாக

இத்தனை முறைகளுக்கும் மேலாக நம் சங்கங்களில் வழங்குவது மற்றொன்று. ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், அவை கைதட்டும், ‘ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்’ எனக் குறிப்பேட்டில் எழுதப்படும். இதில் அழகுண்டு. பூசலில்லை, பிளவில்லை, தோற்றவர் என ஒருவருமில்லை. ஆயினும் இதுவும் ஒரு தேர்வு முறையே என்பதை மறந்துவிடுகிறோம். முன்மொழியும் துணிவும் முன்மொழியப்படும் புகழும் முன்னமே பெற்றவரை மட்டுமே இம்முறை தலைமைக்குக் கொணரும்.

ஏகமனது என்பது எதனையெல்லாம் மூடவல்லது என்பதைத் தமிழகத்தின் அண்மை வரலாறே காட்டும். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் 2006 வரை அங்கு முறையான தலைமை அமையவில்லை. வென்றவரும் பதவி விலகினர். சட்டமும் வாக்குப் பெட்டியும் இருந்தன. ஊரின் ‘ஒருமித்த முடிவு’ அவற்றினும் வலியதாக இருந்தது. அங்கே நிலவிய அமைதி, இசைவால் விளைந்ததன்று, அச்சத்தால் விளைந்தது.

இலக்கிய வட்டத்தில் அத்தகைய அச்சம் இல்லை. இங்குள்ளது மரியாதை. ஆனால் தேர்தலைப் பொறுத்தவரை மரியாதையும் அச்சம் செய்யும் பணியையே மென்மையாகச் செய்துவிடுகிறது. தன் பாட்டைத் திருத்தித் தந்த ஆசிரியர் முன்னிலையில், அவருக்கு மாற்றாக வேறொருவர் பெயரைச் சொல்ல எந்த மாணவக் கவிஞர் கை உயர்த்துவார்? ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும் 1856இல் கமுக்க வாக்குச்சீட்டைக் கொணர்ந்தபோது, முதலாளியின் கண்முன் தொழிலாளி கை உயர்த்த வேண்டியிருந்த நிலையை மாற்றவே கொணர்ந்தன. அன்பின் கண்முன் கை உயர்த்துவதும் அத்துணை எளிதன்று.

நம் வட்டமும் இப்பத்தாண்டுகளாகக் கைதட்டியே தலைவரைத் தேர்ந்து வந்துள்ளது. அவர்கள் தகுதியற்றவர் என யாரும் கூறார். அவர்தம் உழைப்பின்றி இம்மலரே இல்லை. எனினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. மாதந்தோறும் வந்து, நாற்காலி போட்டு, அழைப்பிதழ் எழுதி, பின்வரிசையில் அமர்ந்து செல்லும் உறுப்பினர் பெயர் எந்த ஓலையில் எழுதப்பட்டது? கவியரங்கில் பாட அழைக்கப்பெறும் மகளிர், செயற்குழுவின் குடத்துள் எத்தனை முறை புகுந்தனர்? முன்மொழியப்படாத பெயருக்கு வாக்களிக்க வழியே இல்லை.

முடிவுரை

உத்திரமேரூர்ச் சபையார் முதற் சாசனம் எழுதி இரண்டே ஆண்டில் அதனைத் திருத்தினர். தம் முறை குறையுடையது என ஏற்றுக் கல்லிலேயே மாற்றி வெட்டிய அத்துணிவு, குடவோலையினும் பெரிதாகப் போற்றத்தக்கது. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்திற்கும் அது இயல்வதே. பெரிய மாற்றம் வேண்டா. மூன்று செய்யலாம். தலைவர், செயலாளர் பொறுப்பு வகித்தவர் மூன்றாண்டு இடைவெளி விட்டே மீண்டும் வரலாம் என விதி செய்யலாம். செயற்குழுவிற்குப் பெயர்களை வரிசைப்படுத்தி எழுதும் கமுக்க வாக்கைக் கொள்ளலாம். குழுவில் ஓரிரு இடங்களை உறுப்பினர் அனைவர் பெயரும் இட்ட குடத்திலிருந்து சீட்டெடுத்து நிரப்பலாம். தனித்திறன் வேண்டும் மலர்ப் பதிப்பு போன்ற பணிகளை வழக்கம்போல் வல்லவரிடமே விடலாம்.

இவற்றால் இப்போதுள்ளவரே மீண்டும் தேர்ந்தெடுக்கப்படவும் கூடும். அப்போது அவர்கள் பெறும் தலைமை, இன்று பெற்றுள்ளதைவிட உறுதியானதாக இருக்கும். வேறொருவரைத் தேரும் வழி திறந்திருந்தும் தம்மையே தேர்ந்தனர் என்னும் நிறைவு அவர்க்குக் கிட்டும். கைதட்டல் அந்த நிறைவைத் தாராது. மத்தியஸ்தன் விரித்த ஐந்து விரல்களும் அவனைக் கள்வன் என இழித்துரைக்கவில்லை. அவன்மேல் ஐயம் எழாமல் காத்தன.